அல்போன்சம்மாவும் வெறும் வயிறும்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் அல்போன்சம்மாவுக்குச் சிலை வைக்கும் யோசனை இதுவரை யாருக்கும் வரவில்லை. வந்திருந்தால் சிற்பி அதிகம் யோசிக்க வேண்டியிருந்திராது. இடது கையில் கோப்பை, வலது கையில் கரண்டி, எதிரே வாயை இறுக்க மூடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பிள்ளை. எந்தப் பிள்ளை என்பது முக்கியமில்லை. அவர் கண்ணில் பட்ட பிள்ளைகள் எல்லாமே சாப்பிடாத பிள்ளைகள்தான்.

மன்னாரில் பிறந்து, தொண்ணூற்று நான்கில் மொன்றியலுக்கு வந்தவர். கணவர் ஞானேந்திரனுக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் வேலை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாண் துண்டையும் ஒரு பட்டர்க் கட்டியையும் வைப்பது அவர் பொறுப்பு. முகில்களுக்கு மேலே இருந்து சாப்பிடுகிறவர்கள் தன் கையால் சாப்பிடுகிறார்கள் என்று அவர் அடக்கமாகச் சொல்லிக்கொள்வார். மகள் ஜொய்சிக்குப் பதினைந்து வயது. வீட்டின் வெளிவிவகாரத் துறை அவளிடம் இருந்தது. பிரெஞ்சில் வருகிற எதையும் தமிழாக்குவதும், தமிழில் போகிற எதையும் பாதியாக்கிப் பிரெஞ்சில் சொல்வதும் அவள் வேலை.

அந்த வீட்டில் பல சட்டங்கள் இருந்தன. சிலவற்றை ஜொய்சி மீறுவாள், சிலவற்றை ஞானேந்திரன் மறப்பார். ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் தொட்டதில்லை. வெறும் வயிற்றில் மருந்து கொடுக்கக் கூடாது. தலையிடியோ காய்ச்சலோ, முதலில் சாப்பாடு, பேந்துதான் குளிசை. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது யாராவது கைப்பையிலிருந்து குளிசை எடுத்தால், அல்போன்சம்மா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொள்வார்.

"என்ன றோசா, விடிய என்ன சாப்பிட்டனீ?"

"ஒண்டும் இல்லையக்கா. பூசைக்கு நேரம் போட்டுது."

"அப்ப இந்தக் கேக்கைத் தின். தின்னாமல் அதை வாயிலை வைச்சியெண்டால் நான் பொல்லாதவள்."

றோசா கேக்கைத் தின்பாள். கோயில் பங்குச் சனம் முழுவதும் அப்படித்தான் தின்றது.

வீட்டில் முன்பு அவர் நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறார். அரசாங்கத்திலிருந்து சோதிக்க வந்தவர்கள் அடுப்பங்கரையைப் பார்த்து மெச்சி, உறைப்பில்லாத கட்லட்டையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் புகழ் எப்படியோ பரவி, இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கிறேஸ் என்ற சமூக சேவகி வந்து கதவைத் தட்டினாள். வடக்கிலிருந்து வைத்தியத்துக்கு வருகிற பிள்ளைகளை மாதக்கணக்கில் வைத்துப் பார்க்க வீடுகள் தேடும் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவள் அவள்.

"எந்த வடக்கு?" என்று கேட்டார் அல்போன்சம்மா. அவருக்கு வடக்கென்றால் யாழ்ப்பாணம்.

"இது வேறை வடக்கம்மா," என்றாள் ஜொய்சி. "மரம் கூட முளைக்காது. றோட்டும் இல்லை. பிளேன் மட்டுந்தான்."

"சோறு?"

"இல்லை."

அல்போன்சம்மா அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டார்.

விஷயம் இதுதான். அந்த வடக்கில் சில ஊர்களின் பிள்ளைகளுக்குத் தைராய்டு எப்படியிருக்கிறது, உடம்பில் அயடீன் போதுமா என்று பார்க்க ஒரு வைத்தியக் குழு போயிருந்தது. பிள்ளைகளின் சிறுநீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்து, பனிப்பெட்டிகளில் அடுக்கி, விமானத்தில் ஏற்றி, மந்திரிக்குக் கொடுக்கிற மரியாதையோடு மொன்றியலில் இறக்கினார்கள். முந்தித் தாய் தகப்பன் கடல்நாயும் மீனும் சாப்பிட்டு வளர்ந்தார்கள், கடல் அவர்களுக்கு வேண்டிய அயடீனைத் தன் பாட்டில் கொடுத்தது. இப்போது கடையில் பைக்கற்றுக் கிழங்குப் பொரியலும் சோடாவும் வருகின்றன. பொரியலில் உப்பு இருக்கிறது, அந்த உப்பில் அயடீன் இல்லை. ஆகவே சில பிள்ளைகளுக்குக் குறைவு. அவர்களில் அநேகருக்கு மீனும் சரியான உப்பும் போதும் என்று சொல்லியாகிவிட்டது.

எலிசாபிக்கு அது போதவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, நாலு வயது உயரம். கழுத்தின் முன்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் எடுத்தது. அவளுடைய சுரப்பியே களைத்துப்போயிருந்தது. தினமும் ஒரு குளிசை, அநேகமாக வாழ்நாள் முழுக்க. தாய் லிடியா கொடுத்துத்தான் வந்தாள். ஆனால் புயலில் விமானம் இறங்காத வாரங்களில் குளிசையும் இறங்கவில்லை. இரத்தத்தில் ஒரு எண் இறங்க வேண்டும், அது இறங்கவில்லை. லிடியாவின் கையில் புதுப் பிள்ளை வேறு, வயிறு கிழித்துப் பெற்ற பிள்ளை. ஆகவே எலிசாபியைக் குளிர்காலத்துக்கு மொன்றியலில் வைத்துப் பார்ப்பதென்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். அவர்களின் கணக்கு நேரானது. மொன்றியலில் எண் இறங்கினால் பிழை தாய் வீட்டில். இறங்காவிட்டால் நோய் முரட்டு நோய், பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று படித்தவர்கள் எவருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் பற்றிக் என்ற ஆண் தாதி எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக விளக்கினான். குளிசை விடிய எழும்பினவுடன், தண்ணீரோடு, வெறும் வயிற்றில். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. பாலும் இரும்புச்சத்து மருந்தும் பக்கத்திலேயே வரக் கூடாது. ஜொய்சி ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னாள். அல்போன்சம்மா ஒரு சொல் விடாமல் கேட்டார். தலையை ஆட்டினார். "மெர்சி" என்றும் சொன்னார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு தீர்ப்பையும் வழங்கினார்.

"பாவம் அந்தப் பெடியன். நல்ல பெடியன். ஆனால் இந்தச் சனம் விடியச் சாப்பிடாத சனம். ஒரு கோப்பியோடை ஓடுற ஆக்கள். அதாலைதான் அப்பிடிச் சொல்லுகினம்."

"அம்மா, டொக்டர்மார் சொல்லித்தான் அவர் சொல்லுறார்."

"டொக்டரும் விடிய என்னத்தைச் சாப்பிட்டவராம்?"

ஜொய்சிக்குப் பஸ் வந்துவிட்டது. அவளுக்குப் பள்ளிக்கூடம் விடியவே. எலிசாபி எழும்புகிறபோது அவள் வீட்டில் இருப்பதில்லை. சனி ஞாயிறுகளில் பிந்தித்தான் எழும்புவாள்.

அன்றிலிருந்து அந்தக் குளிசைக்கு ராச மரியாதை நடந்தது. முதலில் ஒரு அவித்த முட்டை. பிறகு பாணும் பட்டரும். அதற்குப் பிறகு இளஞ்சூட்டில் ஒரு கோப்பை பால், சீனி போட்டு. குளிசையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துத் தூளாக்கி, பாலில் கரைத்து, அடியில் தங்காமல் சுழற்றிச் சுழற்றிக் கொடுப்பார். பிள்ளை வெளிறியிருக்கிறதென்று பக்கத்து மருந்துக்கடையில் இரும்புச்சத்துப் பாணியும் வாங்கி, அதிலும் ஒரு கரண்டி. ஒரு நாள்கூடத் தவறவில்லை. கொடுக்கக் கூடாதென்று சொன்ன அத்தனையும் கொடுக்கச் சொன்ன அதே நேரத்தில், அணுவளவும் சிந்தாமல் உள்ளே போயின. இத்தனை ஒழுங்காக ஒரு பிழையைச் செய்த இன்னொருவர் அந்த நகரத்தில் இருந்திருக்க மாட்டார்.

எலிசாபி அதிகம் கதைக்கவில்லை. கேட்டதற்குப் பதிலாகப் புருவத்தை மெல்ல உயர்த்துவாள், அவ்வளவுதான். முதல் வாரம் அல்போன்சம்மா அதைத் திமிர் என்று நினைத்தார். பால் வேணுமா என்று கேட்டால் புருவம் தூக்குகிற பிள்ளையை அவர் கண்டதில்லை. கிறேஸ்தான் சொன்னாள், அவர்களுடைய ஊரில் அதுதான் ஓம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. அதன்பிறகு அந்த வீட்டில் மூவருமே புருவம் உயர்த்தத் தொடங்கினார்கள். ஞானேந்திரன் வேலையிடத்திலும் உயர்த்தி, மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினார்.

லிடியா ஒருமுறை சரக்கு விமானத்தில் ஒரு முழு மீனை உறைய வைத்து அனுப்பியிருந்தாள். அல்போன்சம்மா அதைப் பழப்புளி விட்டுக் குழம்பாக்கி, பெருமையோடு முன்னால் வைத்தார். பிள்ளை கோப்பையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள். அவளுக்கு அது பனிக்கட்டியாக, பச்சையாக, சீவிச் சீவித் தின்கிற மீன். அடுத்த மீன் வந்தபோது அல்போன்சம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கத்தியை லிடியா கிறேஸ் மூலம் சொல்லியனுப்பியபடி பிடித்துச் சீவிக் கொடுத்தார். கிறிஸ்தவ வாழ்வில் தான் செய்த மிகப் பெரிய ஒறுத்தல் அதுதான் என்று பிறகு றோசாவிடம் சொன்னார்.

ஞாயிறு பின்னேரங்களில் லிடியா தொலைபேசியில் வருவாள். இருவருக்கும் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்தாலும் ஒரு முழு வசனம் தேறாது.

"ஈற்?" என்பாள் லிடியா.

"ஈற். குட் ஈற்," என்பார் அல்போன்சம்மா.

பிறகு பிள்ளை தொலைபேசியை வாங்கி "அனானா" என்பாள். அவர்கள் பாஷையில் அம்மா. அதன் பிறகு இரண்டு பக்கமும் நீண்ட மௌனம். இரண்டு பக்கமும் புருவங்கள் உயர்ந்துகொண்டிருக்கும், கம்பி வழியாக எதுவும் போகாது.

கிறிஸ்மஸுக்கு முன் இரத்தம் எடுத்தார்கள். எண் இறங்கவில்லை. ஏறியிருந்தது. டொக்டர் அம்மா குளிசையின் அளவைக் கூட்டினார். அல்போன்சம்மா வடக்குப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வருத்தம் வருகிறதென்று கேட்க, டொக்டர் உப்பையும் அயடீனையும் பற்றிப் பொதுவாக ஏதோ சொன்னார். அது போதுமாயிருந்தது.

வீட்டில் ஒரு சாக்கு மன்னார்க் கல்லுப்பு இருந்தது. ஊருக்குப் போய் வருகிற ஒவ்வொருவரும் பயணப்பெட்டியில் ஒரு பை கொண்டுவந்து கொடுத்துச் சேர்த்த உப்பு. கடைத் தூள் உப்பை அவர் கையாலும் தொட்டதில்லை. அந்தச் சாக்குக்கு முன்னால் நின்று, தன் பிறந்த மண்ணே ஒரு பிள்ளையின் கழுத்தை நெரித்துவிட்டதென்று அல்போன்சம்மா முடிவுகட்டினார். அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னார்.

"உப்பிலை பாவம் செய்திட்டன், சுவாமி."

மரச்சட்டத்துக்கு அப்பாலிருந்த காது கிட்ட வந்தது. "கூடப் போட்டிட்டீங்களோ?" என்றார் சுவாமியார்.

"கல்லுப்புப் போட்டன், சுவாமி. அதிலை அயடீன் இல்லையாம்."

"இது எந்தக் கட்டளைக்குள்ளை வருதெண்டு எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கோ. பேந்து கடை உப்பு வாங்குங்கோ."

ஞானேந்திரன் அந்தச் சாக்கை அவிழ்த்து, பனிக்கட்டி பிடித்திருந்த வெளி மாடிப்படிகளில் கொட்டினார். மன்னார்க் கடல் மொன்றியல் பனியை உருக்கியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் தபால்காரன் வழுக்கி விழாத ஒரே வீடு அதுதான். தை மாதம் பற்றிக்கைக் கண்டதும் அல்போன்சம்மா தன் குற்றத்தை விரிவாக ஒப்புக்கொண்டார். பற்றிக் சிரிக்காமல் கேட்டுவிட்டு, குளிசை போடுகிற பிள்ளைக்கு உப்பு இவ்வளவு பெரிய விஷயமில்லை, கவலைப்பட வேண்டாம் என்றான். செய்யாத குற்றத்திலிருந்து முழு மரியாதையோடு விடுதலையாகி அவர் வீடு வந்தார். அன்று எடுத்த இரத்தத்திலும் எண் இறங்கவில்லை.

இப்போது கிறேஸ் வேறு தொனியில் கதைக்கத் தொடங்கினாள். இவ்வளவு நல்ல வீட்டிலேயே இறங்கவில்லையென்றால் நோய் முரட்டு நோய். வடக்குக்கு அனுப்புவது புத்தியில்லை. இன்னொரு வருடம் இங்கேயே, இங்கேயே பள்ளிக்கூடம். பங்குனி தொடக்கத்தில் எல்லாரும் கூடித் தீர்மானிப்போம், தாயும் தொலைபேசியில் வருவாள்.

அல்போன்சம்மா கவலையோடு தலையாட்டினார். மறுநாள் மலிவு விற்பனையில் எலிசாபிக்குப் பனிச் சப்பாத்து வாங்கினார். அடுத்த குளிருக்கும் காணும் என்று ஒரு அளவு பெரிதாகவே வாங்கினார். அந்தச் சப்பாத்தை ஏன் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திராது.

கீழ்வீட்டில் அனுப்ரியா என்ற பெண் இருந்தாள். மதுரைப் பக்கம், கணினி நிறுவனத்தில் வேலை. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, முதல் நாள் வாங்கிப்போன மீன்குழம்புச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க மேலே வந்தாள். மேசையில் எலிசாபி முட்டையை முடித்திருந்தாள். அல்போன்சம்மா இரண்டு கரண்டிக்கு நடுவில் குளிசையை நெரித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அது என்ன மாத்திரை?"

"தைராய்டுக் குளிசை, பிள்ளை. இரும், தேத்தண்ணி போடுறன்."

"அதை ஏன் பால்ல போடுறீங்க?"

"கைக்குமெல்லே."

"ஐயோ ஆன்ட்டி!" அனுப்ரியா சட்டியை நங்கென்று மேசையில் வைத்தாள். "நானும் அதேதான் போடுறேன், காலேஜ் படிக்கும்போதுலேர்ந்து. வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு ஒரு மணி நேரம் காபி கூடத் தொட மாட்டேன். ஒரு தடவ தெரியாம கால்சியம் மாத்திரையும் சேர்த்துப் போட்டேன், மூணு மாசம் ரிப்போர்ட் கன்னாபின்னான்னு ஏறிடுச்சு. பால்ல போட்டா உடம்புல சேரவே சேராது ஆன்ட்டி. அப்படியே வெளிய போயிடும்."

அல்போன்சம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "சேராதோ?"

"சேராது. இது என்ன, அயர்ன் சிரப்பா? இதையும் கூடவா குடுக்குறீங்க?"

"எல்லாம் வெளியிலையோ போனது?"

"முக்காவாசி."

எலிசாபி பால் கோப்பைக்குக் கை நீட்டினாள். அல்போன்சம்மா அதை எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினார். ஊற்றிவிட்டுத் திரும்பாமல் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே நின்றார். அனுப்ரியா ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோமென்று பயந்து, தேத்தண்ணீர் குடிக்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

இந்த இடத்தில், வெறும் வயிற்றுச் சட்டம் எங்கிருந்து வந்ததென்று சொல்லியாக வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, போருக்குப் பயந்து மன்னாரின் மடு மாதா கோயிலைச் சுற்றிச் சனம் அகதியாக இருந்த காலத்தில் அல்போன்சம்மாவும் அங்கே இருந்தார். ஞானேந்திரன் அதற்கு முன்பே கனடாவுக்குப் போய்விட்டார். கைக்குழந்தை ஜொய்சி. மூத்தவன் டனிஸ்ரனுக்கு நாலு வயது. அவனுக்கு மலேரியா. குளிசை கிடைத்தது, சாப்பாடு கிடைக்கவில்லை. கொடுத்தார். சத்தியாக வெளியே எடுத்தான். மறுபடி கொடுத்தார். மறுபடியும் எடுத்தான். வயிற்றில் ஒரு பிடி சோறு இருந்திருந்தால் மருந்து நின்றிருக்கும் என்று அங்கே தாதியாக இருந்த மிஸ்ஸி பிறகு சொன்னாள். அவன் போன பிறகுதான் சொன்னாள். மடுவில் கண்ட சட்டத்தை மொன்றியலில் ஒரு தாதி வந்து மாற்ற முடியாது. இதை அல்போன்சம்மா மொன்றியலில் யாருக்கும் சொன்னதில்லை. ஞானேந்திரனுக்குத் தெரியும். அவர்களும் தங்களுக்குள் கதைத்ததில்லை.

அன்று பின்னேரம் ஞானேந்திரன் வேலையால் வந்து தொப்பியைக் கழற்றவும் விடாமல் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஞானேந்திரன் கதிரையில் இருந்து கேட்டார். நியாயமான மனிதர். விமானத் தட்டில் பட்டர் வைப்பதைப் போல ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துத்தான் கதைப்பார்.

"சரி. இப்ப தெரிஞ்சுபோச்சு. நாளையிலிருந்து வெறும் வயித்திலை குடும். எண் தானாய் இறங்கும். நீர் ஏன் போய் வாயைக் குடுக்கிறீர்?"

"இறங்கினால் என்ன சொல்லுவினம்?"

"மொன்றியலிலை நல்லாய்ப் பார்த்தவை எண்டு சொல்லுவினம்."

"அதைத்தான் கேக்கிறன். அப்ப லிடியா பார்க்கேல்லை எண்டுதானே வரும்?"

ஞானேந்திரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் சொல்லாட்டில் நோய் முரட்டு நோய் எண்டு வைச்சிருப்பினம். களவாய்த் திருத்தினால் தாய் கூடாதவள் எண்டு வைச்சிருப்பினம். எப்பிடிப் பார்த்தாலும் பிள்ளை என்னோடைதான்."

"உமக்கும் அது விருப்பந்தானே," என்றார் ஞானேந்திரன். கேலியாகச் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த சப்பாத்தை அவரும் பார்த்திருந்தார்.

அல்போன்சம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஓம், விருப்பந்தான். விருப்பமெண்டால் எடுத்து வைச்சிருக்கலாமோ?"

"சொன்னால் இனி உமக்கு ஒரு பிள்ளையும் தரமாட்டினம், தெரியுமோ?"

"தரட்டும், விடட்டும்."

மறுநாள் விடிய எலிசாபி எழும்பினவுடன் தண்ணீரும் குளிசையும் கொடுத்தார். பிள்ளை முழுங்கிவிட்டு மேசையில் போய் உட்கார்ந்து முட்டைக்காகப் பார்த்தாள். அல்போன்சம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, கை வேலை இல்லாமல், ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதை அந்த வீடு அன்றுதான் அறிந்தது.

பங்குனிக் கூட்டம் ஆஸ்பத்திரியில் ஜன்னலில்லாத ஒரு அறையில் நடந்தது. டொக்டர் அம்மா, பற்றிக், கிறேஸ், நடுமேசையில் ஒரு ஒலிபெருக்கித் தொலைபேசி. அதற்குள் லிடியா, இன்னொரு முனையில் அவள் பாஷைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். பின்னால் எங்கோ அவளுடைய கைப்பிள்ளை சிணுங்கியது. கிறேஸ் அழகாகக் கதைத்தாள். பிள்ளையின் நலன், தொடர்ச்சியான கவனிப்பு, அன்பான சூழல். ஒவ்வொரு சொல்லும் மேசையில் பூச்சாடி வைத்ததுபோல் இருந்தது. இன்னொரு பள்ளிக்கூட வருடம் மொன்றியலில் என்று முடித்துவிட்டு, "லிடியா, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள்.

தொலைபேசி மௌனமாக இருந்தது.

"எதிர்ப்பில்லை என்று நினைக்கிறேன்," என்றாள் கிறேஸ் மென்மையாக.

அல்போன்சம்மாவுக்கு அந்த மௌனம் பழக்கமானது. குளிர்காலம் முழுக்க அதனோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர். அங்கே அந்தப் பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்பதை அவர் கண்ணால் கண்டதுபோல் கண்டார்.

"ஜொய்சி, சொல்லு," என்றார். "பிழை என்னிலை எண்டு சொல்லு. குளிசையை நான் பாலிலை கரைச்சு, சாப்பாட்டுக்குப் பிறகு குடுத்தனான். முதல் நாளே வேண்டாமெண்டு சொன்னவை. கேட்டுப்போட்டுத்தான் குடுத்தனான் எண்டும் சொல்லு."

ஜொய்சி குனிந்து சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லு பிள்ளை."

"நான் சொல்லமாட்டன் அம்மா. உங்களைத்தான் பிழை எண்டுவினம்."

"பிழைதானே."

"அம்மா, ப்ளீஸ்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்போன்சம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மனிதர்களைப் பார்த்துச் சொல்லப் பயந்தோ என்னவோ, தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார்.

"எக். மில்க். ஃபெர்ஸ்ட் ஈற். தென் டப்லற். இன் மில்க். எவ்றி டே." மூச்சு வாங்கிக்கொண்டார். "மை மிஸ்ரேக். நொட் மதர். மீ."

பற்றிக் கையிலிருந்த பேனையை மூடினான். முதலில் அவன்தான் விளங்கிக்கொண்டான். அவன் டொக்டரின் பக்கம் சாய்ந்து பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொல்ல, டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஜொய்சி அழுதுகொண்டே எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள், பாலைச் சுழற்றியது உட்பட. ஒன்றையும் பாதியாக்கவில்லை. இரும்புப் பாணிக்கு வந்தபோது டொக்டர் கையை உயர்த்திப் போதும் என்றார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கிறேஸ் கேட்டாள். முகத்தில் கோபமில்லை, ஏமாற்றந்தான். அல்போன்சம்மாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. பதினாறு வருடமாக இருந்தது. அந்த அறையில் அதைச் சொல்லியிருந்தால் எல்லாருமே அவரை மன்னித்திருப்பார்கள். அவர் மேசையைப் பார்த்தபடி, "பிள்ளைக்குப் பசிக்குமெண்டு," என்று மட்டும் சொன்னார்.

அப்போது தொலைபேசியிலிருந்து லிடியாவின் குரல் வந்தது, பின்னாலேயே மொழிபெயர்ப்பு. மன்னிப்பும் இல்லை, ஏச்சும் இல்லை.

"அப்ப அவள் எப்ப வீட்டுக்கு வருவாள்?"

அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் மற்றவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நிறுவனம் நிறுவனத்தின் வேலையைச் செய்தது. அந்த வாரமே எலிசாபியை ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் வேறொரு வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே விடியக்காலையில் யாரும் அதிகம் சாப்பிடுவதில்லை. அல்போன்சம்மாவின் வீட்டுக்கு இனிப் பிள்ளைகள் அனுப்பப்பட மாட்டார்கள் என்று மரியாதையான பிரெஞ்சில் அறிவித்தார்கள். பங்கில் செய்தி பரவியது. றோசா இப்போது மண்டபத்தில் கேக் இல்லாமலே குளிசை போட்டாள், அதுவும் அல்போன்சம்மாவுக்கு நேரெதிரே நின்று. அல்போன்சம்மா பார்த்துவிட்டுப் பேசாமல் தேநீரைக் குடித்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த சப்பாத்தை ஜொய்சி பள்ளிக்கூட உடுப்புச் சேகரிப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சித்திரை முடிவில் எடுத்த இரத்தத்தில் எண் இறங்கியிருந்தது. நன்றாகவே இறங்கியிருந்தது. பற்றிக் வேலை முடிந்த பிறகு, சொல்லக் கூடாததென்று சொல்லிக்கொண்டே, தொலைபேசியில் ஜொய்சிக்குச் சொன்னான். சில நாளில் லிடியாவும் எடுத்தாள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறாளாம். விமானம் புதன்கிழமை காலையாம்.

புதன்கிழமை அல்போன்சம்மா வெள்ளனவே எழும்பிப் பிட்டவித்தார், மீன் பொரித்தார். பொரித்த மீனுக்குப் பக்கத்தில் பச்சை மீன் சீவலும் ஒரு சின்ன டப்பாவில், பனிக்கட்டிக்குள். எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு டோர்வலுக்குப் போனார். லிடியா இளம் பெண்ணாக இருந்தாள், அவர் நினைத்ததைவிட மிக இளம். முதுகில் அங்கியின் தொப்பிக்குள் கைப்பிள்ளை தூங்கியது. எலிசாபி சற்று உயர்ந்திருந்தாள், அல்லது நிமிர்ந்திருந்தாள். அல்போன்சம்மாவைக் கண்டதும் ஓடிவந்து பையைத்தான் முதலில் திறந்தாள்.

லிடியா பிள்ளையின் கையை மெதுவாகப் பிடித்தாள். குளிசைப் போத்தலைக் காட்டினாள். இப்போதுதான் கொடுத்தேன் என்று கையால் சொன்னாள், இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொன்னாள்.

அல்போன்சம்மா டப்பாவின் மூடியை அமர்த்தி மூடினார். மூவரும் அங்கேயிருந்த நீள வாங்கில் இருந்தார்கள், பை அவருடைய மடியில். பொரித்த மீனின் வாசம் எல்லாருக்கும் வந்தது. பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் எதிரே விமானங்களைப் பார்த்தார். விமானத்துக்குப் பெயர் சொல்லி அழைக்கும்போதும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கவில்லை. அவர் எழும்பி, பையை லிடியாவின் கையில் கொடுத்தார்.

"பேந்து," என்றார். பிறகு ஞாபகம் வந்து, "லேற்றர்," என்றார்.

ஞானேந்திரன் வேலைத் தொப்பியோடு சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஓடிவந்தபோது விமானம் நகரத் தொடங்கியிருந்தது.

"போயிட்டினமோ?"

"ஓம்."

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"இல்லை," என்றார் அல்போன்சம்மா.